கூட நின்றவள் பேசாமல் போய்விட்டாள்: கோபப்படுவதா, தேடிப் போவதா?

கடல்முகம் | 24 ஜூலை 2022, இரவு 11.50

திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். எரிபொருளும் எரிவாயுவும் இல்லாத இந்த நெருக்கடிக்கு ஆட்சியாளர்களே பொறுப்பு என்று நாடெங்கும் நடக்கும் போராட்டத்தில், ஏப்ரல் மாதம் முதல் நாங்கள் பதினொரு பேர் சனிக்கிழமை மாலைகளில் கடற்கரையில் பதாகைகளுடன் நின்று வருகிறோம். பெரிய கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் கச்சான் விற்பவர் எங்களைவிட அதிகம் பேரைச் சேர்த்துவிடுவார்.

அதில் ஒருத்தி என் பாடசாலைத் தோழி. மே 10ஆம் திகதி, பதவி விலகிய பிரதமர் மகிந்த ராஜபக்ச எங்கள் ஊர்க் கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறார் என்று தெரிந்து வாசலில் சனம் கூடியபோது, அவளும் நானும் ஒரு குடையின் கீழ் நின்றோம். ஜூலை 9ஆம் திகதி ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து முதலில் சிரித்தவளும் அவள்தான், பிறகு அழுதவளும் அவள்தான்.

22ஆம் திகதி நள்ளிரவு கடந்ததும், கொழும்பில் போராட்டக்காரர்கள் தங்கியிருந்த காலிமுகத்திடலில் படையினர் இறங்கிக் கூடாரங்களைப் பிடுங்கினார்கள். அன்று பிற்பகல் ஜனாதிபதி செயலகத்தை ஒப்படைத்துவிடுவதாகப் போராட்டக்காரர்கள் முன்கூட்டியே அறிவித்திருந்தும் அடித்தார்கள். விடிந்து பார்த்தால் இவள் எங்கள் வட்ஸ்அப் குழுவில் இல்லை. அழைத்தேன், எடுக்கவில்லை. மூன்றாம் முறையும் எடுக்காதபோது ஒரு குரல்பதிவு அனுப்பினேன். அதில் 'பயந்தாங்கொள்ளி' என்ற சொல் இருந்தது. அவள் கேட்டுவிட்டாள் என்று நீல அடையாளம் காட்டுகிறது. பதில் இல்லை.

எனக்கும் தூக்கம் இல்லை. இரவு மூன்று மணிக்கு எழுந்து செய்தி பார்க்கிறேன். மின்சாரம் நிற்கும் நேரத்தில்கூட கைப்பேசியில் மிச்சமிருக்கும் ஒன்பது வீதத்தை அதற்கே செலவழிக்கிறேன். சோறு இறங்கவில்லை. அம்மா ஒன்றும் கேட்பதில்லை, தட்டை மட்டும் மூடி வைக்கிறா.

அவள்மேல் கோபப்படுவதா, அவளைத் தேடிப் போவதா? இப்படியான நாட்களை முன்பு கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மட்டிக்களி 78 | 25 ஜூலை, காலை 6.10

முதலில் அந்தக் குரல்பதிவுக்கு மன்னிப்புக் கேளுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

கருக்குமட்டை | 25 ஜூலை, காலை 8.32

கோபிக்காதீர்கள், எனக்கு உங்கள் கேள்வியே விளங்கவில்லை. 2009 மே மாதம் போர் முடிந்ததைக் கொண்டாடித் தெற்கில் தெருத் தெருவாகப் பால்சோறு கொடுத்தார்கள். நாம் அன்று எந்த நிலையில் இருந்தோம் என்று அவர்களில் எத்தனை பேர் கேட்டார்கள்? இன்று அவர்களுக்கு எரிவாயு இல்லை, பெட்ரோல் இல்லை, அதனால் 'அறகலய' என்று போராட்டம். அதற்காக நம் பிள்ளைகள் தூக்கத்தைத் தொலைக்க வேண்டுமா? உங்கள் தோழிக்குப் புத்தி வந்திருக்கிறது என்றுதான் நான் சொல்வேன்.

தீப்பந்தம் | 25 ஜூலை, காலை 9.05

கருக்குமட்டை அண்ணா, நீங்கள் சொல்லும் கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கும் என் அப்பாவிடம் அந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். நம் திருகோணமலைச் சீனன்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 இருக்கின்றன. அவற்றை யார் யாருக்கு எத்தனை என்று கடந்த ஜனவரியில்தான் பிரித்துக் கையெழுத்திட்டார்கள். அந்த ஊரில் ஒரு வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் இல்லை. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் வள்ளங்கள் மணலில் கிடக்கின்றன. மாரி தொடங்கியதும் யார் போய் மீன் பிடிப்பது?

கடல்முகம் அக்கா, நீங்கள் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. அடி விழும்போது விலகுகிறவர்கள் விலகட்டும். ஒவ்வொருவராக ஓய்வெடுக்கப் போனால் நிற்பது யார்?

பழைய வாத்தியார் | 25 ஜூலை, மாலை 4.40

தம்பி தீப்பந்தம், உங்கள் வயதில் நானும் இப்படித்தான் எழுதியிருப்பேன். அப்போது இணையம் இல்லாததால் தப்பித்தேன்.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை நீங்கள் நிற்கும் அதே கடற்கரையில்தான் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பல்கலைக்கழகக் கனவில் இருந்த பிள்ளைகள். கைக்குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று சொல்லப்பட்ட கதையை உடைத்தவை, ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். சூட்டுக் காயங்கள் அவற்றில் தெளிவாகத் தெரிந்தன. அந்த மாதம் 24ஆம் திகதி அவரையும் சுட்டார்கள். வழக்கு எப்படி முடிந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2019 ஜூலையில் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள்.

நான் அந்த ஜனவரிக்கு முன்பு ஊரில் எல்லாக் கூட்டங்களிலும் முன்வரிசையில் இருந்தவன். அதன் பிறகு நான்கு ஆண்டுகள் கடற்கரைப் பக்கமே போகவில்லை. பாடம் நடத்தினேன், வீட்டுக்கு வந்தேன், கதவைப் பூட்டினேன். கோணேசருக்குப் போவதென்றாலும் கடல் தெரியாத தெருவால் சுற்றிப் போவேன். கோயிலே கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது என்பது வேறு விடயம்.

அந்தக் காலத்தில் ஒருவரும் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் திரும்பி வந்திருக்கவே மாட்டேன். கூட்டங்களில் என்னோடு சண்டை பிடிக்கும் ஒருவர் இருந்தார். திருக்கடலூர்க்காரர். அவர் சனிக்கிழமைகளில் ஒரு பையில் சூடை மீன் கொண்டு வந்து படலையில் மாட்டிவிட்டுப் போவார். அரசியல் பேசமாட்டார். 'நல்ல மீன் சேர், பொரியுங்கள்' என்பார். நான்கு ஆண்டுகள். எத்தனை கிலோ என்று நான் எண்ணவில்லை. பிறகு ஒரு நாள் நானே அவரிடம் 'அடுத்த கூட்டம் எப்போது?' என்று கேட்டேன்.

மகள், தேடிப் போங்கள். ஆனால் அழைக்கப் போகாதீர்கள்.

கடல்முகம் | 25 ஜூலை, இரவு 10.15

சேர், இதை மூன்று தடவை வாசித்தேன். 'தேடிப் போங்கள், அழைக்கப் போகாதீர்கள்' என்பது எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. யோசிக்கிறேன்.

மூதூர்க்காரன் | 26 ஜூலை, காலை 7.20

தங்கச்சி, வாத்தியார் சொன்னதற்கு மேல் நான் என்ன சொல்ல இருக்கிறது? கருக்குமட்டைத் தம்பிக்கு மட்டும் ஒன்று.

உங்கள் கசப்பு நியாயமானது. எனக்கும் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. 2006 ஆகஸ்டில் சண்டைக்குப் பயந்து மூதூரில் இருந்து குடும்பத்தோடு கந்தளாய்க்கு நடந்தோம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, என் கடையில் இருபது ஆண்டுகளாகச் சாமான் வாங்கியவர் என் பையைத் திறந்து காட்டச் சொன்னார். கொரோனாவில் எங்கள் மௌத்துகளை அடக்க விடாமல் எரித்தார்கள். ஒரு குழந்தையையும் விடவில்லை. அப்போது வேலிகளிலும் படலைகளிலும் வெள்ளைத் துணி கட்டினோம், மௌத்தைச் சுற்றும் கபன் துணி போல. என் வீட்டுப் படலையில் கட்டிய துணி மழையில் நனைந்து கீழே விழுந்திருந்தது. காலையில் பார்த்தால் யாரோ திரும்பக் கட்டியிருந்தார்கள். முடிச்சு எங்கள் வீட்டு முடிச்சு அல்ல. பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பொம்பளை கட்டியது என்று பிறகு தெரிந்தது.

2021 பெப்ரவரியில் பொத்துவிலில் இருந்து பொலிகண்டிக்குத் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து உரிமை கேட்டுப் போன நடைபயணம் எங்கள் மாவட்டத்தால் போனபோது நான் தண்ணீர்ப் போத்தல்களோடு வீதியில் நின்றது அந்த முடிச்சுக்காகத்தான். கொள்கை எல்லாம் இரண்டாவது. இந்த வருடம் மே 18 அன்று காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்காலை நினைத்து சிங்களப் பிள்ளைகளும் கஞ்சி குடித்தார்கள். அது போதுமா என்றால் போதாது. ஆனால் இதற்கு முன் அந்தத் திடலில் அது நடந்ததில்லை.

கருக்குமட்டை | 26 ஜூலை, பகல் 12.50

மூதூர் நானா, கஞ்சி விடயத்தை மறுக்கவில்லை. என் கணக்குப் புத்தகத்தை நான் மூடப் போவதும் இல்லை.

மூதூர்க்காரன் | 26 ஜூலை, பகல் 1.02

மூடச் சொல்லவில்லை தம்பி. நானும் மூடவில்லை. பக்கத்தில் வைத்துக்கொண்டு பிளேன்டீ குடிக்கலாம் என்கிறேன்.

மருந்து மேசை | 26 ஜூலை, இரவு 9.30

நான் தாதியாக வேலை செய்கிறேன். இரவு மூன்று மணிக்கு எழுவது, சோறு இறங்காதது, சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது, அன்பானவர்மேல் சீறுவது எல்லாம் ஒரே மரத்துக் காய்கள். ஆபத்து வருகிறது என்று உடம்பு காவலுக்கு நிற்கிறது. காவலைக் கலைக்க யாரும் அதற்குச் சொல்லவில்லை. இது கோழைத்தனமும் அல்ல, வீரமும் அல்ல. கடல்முகம், நீங்கள் சீறியதும் உங்கள் தோழி கதவைப் பூட்டியதும் ஒரே பயத்தின் இரண்டு நடத்தைகளாக இருக்கலாம்.

செய்தியை ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் பார்க்காதீர்கள். நான் காலையில் ஒன்று, மாலை ஆறு மணிக்கு ஒன்று என்று வைத்திருக்கிறேன். அதற்கிடையில் உண்மையாகவே ஏதாவது நடந்தால் யாராவது கதவைத் தட்டிச் சொல்வார்கள், இது திருகோணமலை. படுக்கும் அறைக்குக் கைப்பேசியைக் கொண்டுபோக வேண்டாம். பசிக்காவிட்டாலும் நேரத்துக்கு நான்கு வாய் சாப்பிடுங்கள். அம்மா மூடி வைக்கும் தட்டை அம்மாவின் முன்னால் திறந்தால் அவவுக்கும் மருந்து.

இரண்டு மூன்று வாரம் கடந்தும் இப்படியே இருந்தால், அல்லது சாகலாம் போல ஒரு நினைவு வந்தால், நண்பர்களோடு நிறுத்தாதீர்கள். 1926 என்ற எண் தேசிய மனநல நிறுவகத்தினுடையது. இரவிலும் எடுப்பார்கள். அது இருக்கும் ஊரின் பெயரைச் சொல்லி 'அங்கொடை' என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பல்வலிக்குப் பல் வைத்தியரிடம் போகிறவனைப் பார்த்து நாம் சிரிப்பதில்லையே.

தீப்பந்தம் | 27 ஜூலை, காலை 7.45

எல்லாரும் தூங்கச் சொல்கிறீர்கள், சாப்பிடச் சொல்கிறீர்கள். அவசரகாலச் சட்டம் 18ஆம் திகதியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது, இன்று பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு. ஒவ்வொரு நாளும் யாரையாவது தூக்குகிறார்கள். போராட்டம் என்ன விடுமுறை முகாமா?

சம்பூர் அக்கா | 27 ஜூலை, மாலை 5.55

தம்பி, முகாம் என்ற சொல்லை நீங்கள் எடுத்ததால் எழுதுகிறேன்.

2006 ஏப்ரலில் குண்டு விழுந்து சம்பூரை விட்டு ஓடினோம். எங்கெங்கோ அலைந்து கடைசியில் கிளிவெட்டி முகாம். எங்கள் நிலத்தில் அனல் மின்நிலையம் வரும், கைத்தொழில் வலயம் வரும், உங்களுக்கு வேறு இடம் தருகிறோம் என்றார்கள். நாங்கள் வேறு இடம் வேண்டாம் என்றோம். 'வேண்டாம்' என்று ஒரு நாள் சொல்வது பெரிய காரியம் அல்ல. ஒன்பது ஆண்டுகள் தகரக் கூரையின் கீழ் இருந்துகொண்டு சொல்ல வேண்டும். நிவாரணம் நிற்கும். பிள்ளை பெரியவளாகும், மறைப்புக்குக் கிடுகு இருக்காது. பக்கத்துக் குடும்பம் களைத்துப்போய்க் கொடுத்த காணியை எடுத்துக்கொண்டு போகும்.

அப்படிப் போன குடும்பங்களை நாங்கள் முதலில் திட்டினோம். நானும் திட்டினேன், வாய் கூசாமல். பிறகு எங்களில் ஒரு கிழவி சொன்னா, 'போனவளும் சம்பூராள்தான், அவள் வீட்டுச் செத்த வீட்டுக்கு நீ போகமாட்டியா?' என்று. அதோடு திட்டு நின்றது. போனவர்களில் சிலர் பின்பு எங்களுக்காகக் கையெழுத்து வாங்கித் தந்தார்கள்.

மனுக் கொடுக்கப் போகும் நாளில் ஐந்து பேர் போவோம். மற்றவர்கள் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்ப்பார்கள், ஒருத்தி சமைப்பாள். அடுத்த முறை வேறு ஐந்து பேர். 'இந்த முறை எனக்கு முடியாது' என்று ஒருத்தி சொன்னால் ஏன் என்று கேட்கக்கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். கேட்டால் அவள் பொய்க் காரணம் சொல்ல வேண்டி வரும். பொய் சொல்லியவள் மறுபடி எங்கள் முகத்தைப் பார்க்க வெட்கப்படுவாள். அப்படித்தான் ஆட்களை இழப்பது.

2015இல் 818 ஏக்கரை விடுவித்தார்கள். அடுத்த ஆண்டு அனல் மின்நிலையமும் கைவிடப்பட்டது. நான் திரும்பிப் போனபோது கிணற்றைக் காணவில்லை, மாமரம் ஒன்று நின்றது.

விடுமுறை முகாம் இல்லை தம்பி. ஆனால் தூங்காத ஒருத்தியால் ஒன்பது ஆண்டுகள் இருந்திருக்க முடியாது.

தீப்பந்தம் | 27 ஜூலை, இரவு 8.20

அக்கா, முகாம் என்று நான் எழுதியது தவறு. மன்னியுங்கள். மற்றதை முழுதாக ஏற்கிறேன் என்று சொல்லமாட்டேன். வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

சட்டப் புத்தகம் | 28 ஜூலை, காலை 6.40

அவசரகாலச் சட்டம் நேற்று வாக்கெடுப்பில் நிறைவேறிவிட்டது. ஆகவே சுருக்கமாகச் சிலவற்றை எழுதுகிறேன். நான் இளநிலைச் சட்டத்தரணி, இதை உங்கள் சட்டத்தரணியின் ஆலோசனைக்குப் பதிலாக எடுக்க வேண்டாம்.

கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், அரசியலமைப்பின் 13ஆவது உறுப்புரை அது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர எண் 1996. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழோ அவசரகால ஒழுங்குவிதியின் கீழோ பிடித்தால், பிடித்தவர்கள் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள். அவர்கள் அறிவிப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள், நீங்களே அழையுங்கள். அடிப்படை உரிமை மனுவை 126ஆவது உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். கொழும்புக்குப் போகக் காசும் பெட்ரோலும் இல்லாத இந்த நேரத்தில் இது முக்கியம்: அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்துவிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. மார்ச்சில் திருத்தியும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 12 மாதம் வரை தடுத்து வைக்கலாம். முன்பு 18. இதை ஒரு முன்னேற்றம் என்று சொல்லச் சொன்னார்கள், சொல்லிவிட்டேன்.

என் அனுபவத்தில் இவற்றைவிட உதவுவது, வீதிக்கு வராத ஓர் ஆள். கூட்டத்துக்குப் போகிறவர்களின் பெயர், வீட்டு எண், யாருக்கு என்ன மருந்து, யாருடைய பிள்ளையை யார் கூட்டிப்போவது என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்திருப்பவர். எல்லாரும் திரும்பிவிட்டார்களா என்று இரவு எண்ணிப் பார்ப்பவர். நான் பார்த்த குழுக்கள் பலவற்றில் அப்படி ஒருவர் இல்லை. பேச்சாளர் மட்டும் மூன்று பேர் இருப்பார்கள்.

நெறியாளர் | 28 ஜூலை, காலை 11.00

ஒரு பதிவில் அடுத்த கூடலின் இடமும் நேரமும் இருந்தன. நீக்கிவிட்டேன். எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதினார். இந்தப் பக்கத்தை நாம் மட்டும் வாசிப்பதில்லை.

மட்டிக்களி 78 | 2 ஆகஸ்ட், இரவு 9.10

கடல்முகம், மன்னிப்புக் கேட்டாயிற்றா?

கடல்முகம் | 7 ஆகஸ்ட், இரவு 10.35

கேட்டுவிட்டேன். தாமதத்துக்கு மன்னியுங்கள், உங்களிடமும்.

குரல்பதிவில் கேட்கவில்லை. சைக்கிளில் அவள் வீட்டுக்குப் போனேன். வாத்தியார் சேரின் மீன் நினைவில் இருந்தது, ஆனால் மீன் விற்கும் விலையில் என்னால் வாங்க முடியவில்லை. அம்மா அவித்த மரவள்ளிக் கிழங்கைக் கட்டிக்கொண்டு போனேன். அவள் திண்ணையில் உட்கார்ந்து நெத்தலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பாவின் வள்ளம் பதினேழு நாளுக்குப் பிறகு முதல் நாள் போய் வந்திருந்தது. நான் பக்கத்தில் இருந்து தலை கிள்ளினேன். ஒரு சட்டி முடியும்வரை இருவரும் பேசவில்லை. பிறகு 'அந்தச் சொல்லுக்கு மன்னித்துக்கொள்' என்றேன். 'எந்தச் சொல்?' என்றாள். அவளுக்குத் தெரியும்.

22ஆம் திகதிக்கு முதல் நாள் மாலை இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து அவள் அப்பாவிடம் 'மகள் எங்கே வேலை, யாரோடு பழக்கம்' என்று கேட்டிருக்கிறார்கள். யார் என்று சொல்லவில்லை. அடுத்த நாள் விடியலில் காலிமுகத்திடல் செய்தி. அவள் குழுவில் இருந்து விலகியதும் எண்களை அழித்ததும் அதனால்தான். கைப்பேசியைக் கேட்டு வாங்கினால் பதினொரு பெயரும் அதில் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். 'பயமும்தான்' என்று அவளே சொன்னாள். 'பயம் இல்லை என்று சொன்னால் பொய்.' என் அழைப்பை ஏன் எடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. சம்பூர் அக்காவை நினைத்துக்கொண்டேன்.

அவள் கடற்கரைக்கு வரவில்லை. வருவாள் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. பாடசாலை வாரத்தில் மூன்று நாள்தான் நடக்கிறது, மற்ற நாளில் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு அவள் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். தமிழுக்கு ஆள் இல்லை என்றாள். செவ்வாய்க்கிழமை போகிறேன்.

எங்கள் குழுவில் தாள் வைத்திருப்பவர் யார் தெரியுமா? என் அம்மா. நான் கேட்கவே இல்லை. சட்டப் புத்தகம் எழுதியதை அவவுக்கு வாசித்துக் காட்டினேன், அடுத்த நாள் பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் பதினொரு பெயரையும் எழுதிச் சீனிப் போத்தலுக்குக் கீழே வைத்திருந்தா. சீனி இல்லாததால் போத்தலை யாரும் தூக்கமாட்டார்களாம். போன சனிக்கிழமை வீதியில் நின்றது ஆறு பேர்தான். இரவு எட்டு மணிக்கு அம்மா பதினொரு வீட்டுக்கும் அழைத்தா.

தீப்பந்தம் | 7 ஆகஸ்ட், இரவு 10.50

அக்கா, அந்த அழைப்பு எங்கள் வீட்டுக்கும் வந்தது. 'சாப்பிட்டாயா தம்பி' என்று கேட்டா. யாரோ ரகசியக் குறியீடு சொல்கிறார்கள் என்று நினைத்து நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். மன்னிக்கச் சொல்லுங்கள்.

கருக்குமட்டை | 8 ஆகஸ்ட், காலை 6.30

உங்கள் தோழியின் அப்பாவுக்கு மறுபடி மண்ணெண்ணெய் கிடைத்ததா?

கடல்முகம் | 8 ஆகஸ்ட், காலை 6.45

இல்லை அண்ணா. அந்த ஒரு நாளோடு சரி.

மூதூர்க்காரன் | 8 ஆகஸ்ட், காலை 7.10

கிண்ணியாப் பக்கம் நாளை மண்ணெண்ணெய்ப் பவுசர் வரும் என்று மச்சான் சொல்கிறான். வந்தால் அறிவிக்கிறேன். கலன் கொண்டு வரச் சொல்லுங்கள், அங்கே கலனுக்கும் தட்டுப்பாடு.

கருக்குமட்டை | 8 ஆகஸ்ட், காலை 7.14

என்னிடம் இரண்டு கலன் சும்மா கிடக்கின்றன. உப்புவெளிச் சந்தியில் வைத்துவிடுகிறேன். நேரத்தை இங்கே எழுதமாட்டேன், நெறியாளர் நீக்கிவிடுவார்.